வண்டின் ஓட்டில் இடது மறை

கேள்வி: இடஞ்சுழி ஒளி, வலஞ்சுழி ஒளி என்கிறார்கள். ஒளி எங்கே சுழல்கிறது?

பதில்: ஒளியின் மின்புலம் ஒரே கோட்டில் ஆடாமல், வட்டமிட்டபடியே முன்னேறுவதுதான் வட்ட முனைவாக்கம். வட்டமிடும் திசைக்கேற்ப இடஞ்சுழி, வலஞ்சுழி.

கேள்வி: தீப்பெட்டியில் வளர்த்த பொன்வண்டும் அடுக்குகளால்தான் மின்னுகிறதாம். அது இவ்விரண்டையும் பிரித்தறியுமா?

பதில்: அறியாது. நானும் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்த்தவன்தான். ஆனாலும் உண்மை இதுதான். அதன் ஓட்டில் உள்ளவை தட்டையான அடுக்குகள். நேராக விழும் ஒளியில் இரண்டு சுழியையும் ஒரே அளவில் திருப்பி அனுப்பும். பிரிக்க வேண்டுமானால் அடுக்கில் முறுக்கு வேண்டும்.

அரிசோனா, டெக்சாஸ் பகுதிகளில் வாழும் கிரைசினா குளோரியோசா என்ற பச்சை வண்டைப் பாருங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் பூச்சி ஓட்டின் பொருளான கைட்டின் இழைகள் பாய் முடைந்ததுபோல் ஒரே திசையில் கிடக்கின்றன; அடுத்த அடுக்கு சற்றே திரும்பியிருக்கிறது. அடுக்க அடுக்க இடது மறை, அதாவது இடப்புறமாகத் திருகும் புரிபோன்ற சுருள், உருவாகிறது. சைக்கிளின் இடப்பக்கப் பெடலுக்கும் இடது மறைதான். வலப்பக்கப் பெடலை அங்கே மாட்டினால் ஏறாது. அப்படியே, அந்தச் சுருளோடு பொருந்தும் இடஞ்சுழி ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாகத் திருப்பி அனுப்பப்பட்டு, ஒன்றுசேர்ந்து வலுப்பெறுகிறது. வலஞ்சுழி உள்ளே போய்விடுகிறது.

நிறத்தைச் சுருளின் நீளம் தீர்மானிக்கும். ஒரு முழுத் திருப்பம் 350 நானோமீட்டர், சராசரி ஒளிவிலகல் எண் 1.56 என்றால், பெருக்கினால் திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் 546 நானோமீட்டர்: பச்சை.

கேள்வி: வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

பதில்: வட்ட முனைவாக்க வகை முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடி போதும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வண்டு பச்சையாக ஒளிரும். மறுகண்ணால் பார்த்தால் கறுத்துவிடும். கண்ணாடியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள், வேறுபாடு தெரியாது.

கேள்வி: இரண்டு சுழியையும் திருப்பி அனுப்பும் வண்டு உண்டா?

பதில்: உண்டு, எனக்கு மிகப் பிடித்ததும் அதுவே. கோஸ்டாரிகா, பனாமா காடுகளின் பொன்னிற வண்டு கிரைசினா ரெஸ்பிளெண்டென்ஸ். 1911இல் இயற்பியலாளர் மைக்கல்சன் இதன் ஒளியில் வட்ட முனைவாக்கத்தைக் கண்டார். உள்ளமைப்பை 1971இல் கேவ்னி என்ற ஆய்வாளர் விளக்கினார். இதன் ஓட்டில் மேலும் கீழுமாக இரண்டு சுருள்கள்; இரண்டும் இடது மறைதான். நடுவில், இழைகள் முறுக்கின்றி நேராகக் கிடக்கும் ஏறத்தாழ 1.8 மைக்ரோமீட்டர் அடுக்கு இருக்கிறது. அதைக் கடக்கும் ஒளியின் சுழி மாறிவிடும். மேற்சுருள் விட்டுவிட்ட வலஞ்சுழி ஒளி அங்கே இடஞ்சுழியாகிறது. கீழ்ச்சுருள் அதைத் திருப்புகிறது. மீண்டும் நடு அடுக்கைக் கடந்து, வலஞ்சுழியாகவே வெளியேறுகிறது.