பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் 1/2 என்று அடித்திருக்கிறது, வாய் அரை இன்ச் இல்லையே, ஏன்?

உங்கள் மாமனார் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த ஸ்பேனர் பெட்டி. அதில் 1/2 என்று போட்ட ஸ்பேனரின் வாய் முக்கால் இன்ச்சையும் தாண்டி நிற்கிறது. இன்னொன்றில் ஒரே வாய்க்கு 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ். என்று இரண்டு அளவு. இது போலிச் சரக்கா, எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போலி இல்லை, அடித்ததில் தவறும் இல்லை. எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்று கீழே சொல்கிறேன்.

அந்த எண் ஸ்பேனரின் வாயைச் சொல்லவில்லை, போல்ட்டைச் சொல்கிறது. 1/2 டபிள்யூ என்றால் அரை இன்ச் தடிமன் உள்ள விட்வொர்த் போல்ட்டின் தலைக்கான ஸ்பேனர் என்று பொருள். நம் ஊர் இரும்புக் கடையில் நாலு நூல், அதாவது அரை இன்ச், போல்ட் கேட்டால் கடைக்காரர் தண்டின் தடிமனைப் பார்த்துத்தான் எடுத்துத் தருவார், தலையை யாரும் அளப்பதில்லை. அதே கணக்குதான். அரை இன்ச் போல்ட்டின் தலை எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 0.920 இன்ச். மில்லிமீட்டரில் ஏறக்குறைய 23.4. உங்கள் ஸ்பேனரின் வாய் அதைவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருக்கும். வெர்னியர் இருந்தால் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மூலகாரணம் ஜோசப் விட்வொர்த். மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளை வரவழைத்து, அளந்து, சராசரி எடுத்து, 1841-இல் ஒரே முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை, உச்சியும் அடியும் உருண்டை, ஒவ்வொரு தடிமனுக்கும் இன்ச்சுக்கு இத்தனை மரை என்று கணக்கு. அரை இன்ச்சுக்கு 12, கால் இன்ச்சுக்கு 20. ஒரு நாடு முழுவதும் ஒரே மரையை ஏற்றுக்கொண்டது அநேகமாக இதுதான் முதல் தடவை. இதைக் கிறுக்குத்தனம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, ஒரே வாய்க்கு ஏன் இரண்டு எண்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) என்ற நெருக்க மரை வந்தது. கார், மோட்டார் சைக்கிள் போல அதிரும் இடங்களில் நெருக்க மரை எளிதில் கழலாது. அந்த போல்ட்டுகளுக்குத் தலையை ஒரு படி சிறிதாக வைத்தார்கள். அதாவது 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டின் தலையும் 1/4 விட்வொர்த் போல்ட்டின் தலையும் ஒரே அளவு, 0.525 இன்ச். அப்புறம் இரண்டாம் உலகப்போர். இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டின் தலையையும் அதேபோல ஒரு படி குறைத்தார்கள். போர் முடிந்தும் அந்தச் சிறிய தலையே நிலைத்துவிட்டது. அதனால் ஸ்பேனர் செய்தவர்கள் இரண்டையும் அடித்தார்கள்: பழைய கணக்கில் 1/4 டபிள்யூ, புதிய கணக்கில் 5/16 பி.எஸ். இரண்டும் உண்மை. உங்கள் பெட்டியில் ஏதாவது ஸ்பேனரில் அகன்ற அம்புக்குறியும் பக்கத்தில் ஆண்டும் இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்தாக, பெரும்பாலும் ராணுவத்தில் இருந்தது. அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

நான் இங்கிலாந்தில் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எங்களிடம் போருக்கு முந்தைய ஒரு பெரிய லேத் இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. ஒருமுறை அதன் ஹெட்ஸ்டாக்கை, அதாவது வேலைப் பொருளைச் சுழற்றும் தலைப்பகுதியை, தூக்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வந்த பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் கையில் மெட்ரிக் செட் மட்டும். 23 ஏறவில்லை, 24-ஐப் போட்டுக் குழாயை மாட்டி இழுத்தான். நட்டின் மூலைகள் மழுங்கிவிட்டன. "நட்டு தேய்ஞ்சு போச்சு, வெட்டித்தான் எடுக்கணும்" என்று கிரைண்டரை எடுக்கப் போனான். நான் தடுத்து நிறுத்திவிட்டு என் சொந்தப் பெட்டியிலிருந்து 1/2 டபிள்யூ ரிங் ஸ்பேனரை எடுத்து வந்தேன். மூலை போன நட்டிலும் அது கச்சிதமாக உட்கார்ந்தது. மெதுவாக எடை கொடுத்தேன், கழன்றுவிட்டது. அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் விசை முழுக்க மூலையில்தான் விழும். சரியான வாய் என்றால் பக்கத்தில் விழும். மற்றபடி அதில் வித்தை ஒன்றும் இல்லை.

அதே வரிசையில் கடைசி இரண்டு நட்டுகளில் அந்த ஸ்பேனர் ஆடியது. பையன் என்னைப் பார்த்தான். நான் 7/16 டபிள்யூ ஸ்பேனரை எடுத்தேன், பொருந்தியது. யாரோ போருக்குப் பிறகு அந்த இரண்டையும் மாற்றியிருக்கிறார்கள். மரை அதே அரை இன்ச், தலை மட்டும் 0.820. பையனுக்கு இதை விளக்கியபோது அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். இப்போது அவனும் பழைய ஸ்பேனர்களைத் தேடி வாங்குகிறான்.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் தொழிற்சாலையின் மூத்த ஃபிட்டர், வெள்ளைக்காரர். தொட்டுப் பார்த்தே அளவு சொல்வார். புதிய நிர்வாகம் வந்தபோது ஆள் குறைப்பில் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை, எனக்கு வேலை இரட்டிப்பானது. அதே வாரத்தில் கருவி அறையைச் சுத்தம் செய்கிறோம் என்று பழைய ஸ்பேனர்கள் அத்தனையையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு கருவிக்கும் நிழல் வரைந்து, புது மெட்ரிக் செட்டை மாட்டிப் புகைப்படம் எடுத்தார்கள். லேத்தில் இருக்கும் நட்டுகள் எந்த அளவு என்று ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. என் பெட்டி என் பணத்தில் வாங்கியது என்பதால் தப்பியது. அனுபவமுள்ள மனிதரையும் கருவியையும் ஒரே வாரத்தில் வெளியே தள்ளிவிட்டு, பிறகு பயிற்சி போதவில்லை என்று கூட்டம் போடுகிறார்கள். உங்கள் கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் "எடைக்குப் போடலாமா" என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். வாயை அளந்து பாருங்கள். 0.445 இன்ச் என்றால் 3/16 டபிள்யூ, 0.525 என்றால் 1/4, 0.600 என்றால் 5/16, 0.710 என்றால் 3/8, 0.820 என்றால் 7/16, 0.920 என்றால் 1/2. ஸ்பேனரில் பி.எஸ். என்று மட்டும் இருந்தால் ஒரு படி கீழே தள்ளிப் படியுங்கள், 5/16 பி.எஸ். என்றால் 1/4 டபிள்யூ. இதில் 0.710 கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர், 0.820 கிட்டத்தட்ட 21. அந்த இரண்டுக்கு மட்டும் அவசரத்துக்கு மெட்ரிக் ஸ்பேனர் உதவும். 0.525-க்கு 13 ஏறாது, 14 ஆடும். அதில்தான் எல்லோரும் நட்டைக் கெடுக்கிறார்கள்.

ஏ.எஃப். என்று போட்டிருந்தால் கதை வேறு, அந்த எண் வாயின் அகலமேதான். 1/2 ஏ.எஃப். என்றால் நேராக அரை இன்ச், 12.7 மில்லிமீட்டர். 1948-இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் பொது மரைக்கு ஒத்துக்கொண்ட பிறகு பிரிட்டிஷ் கார்கள் அந்தப் பக்கம் நகர்ந்தன. அதனால் ஒரே பெட்டியில் இரண்டு வகையும் கலந்து கிடக்கும். குட்டி ஸ்பேனர்களில் 0, 2, 4 என்று வெறும் எண்ணும் பி.ஏ. என்ற எழுத்தும் இருந்தால் அவை மின்சாரக் கருவி, அளவுக்கருவி வேலைக்கு. அங்கே எண் கூடக் கூட அளவு குறையும். 0 பி.ஏ. திருகு சரியாக 6 மில்லிமீட்டர் தடிமன், 2 பி.ஏ. 4.7. பிரிட்டிஷ்காரர்கள் 1884-லேயே மில்லிமீட்டரில் வகுத்த மரை அது, சுவிட்சர்லாந்து முறையிலிருந்து எடுத்தது.

மெட்ரிக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நானும் தினமும் மெட்ரிக்கில்தான் வேலை செய்கிறேன், புதிதாக ஒரு இயந்திரம் செய்தால் மெட்ரிக்கில்தான் செய்வேன். வெள்ளைக்காரன் புகழ் பாடவும் வரவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் நட்டு நம் விருப்பத்துக்கு அளவை மாற்றிக்கொள்ளாது. கையால் அடித்த மிகப் பழைய நட்டுகள் இந்த அட்டவணைக்குள் அடங்காமல் போகலாம், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வாயை அராவி மெட்ரிக் ஆக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் எழுத்து தெளிவாகத் தெரியும். விற்றே ஆக வேண்டும் என்றால் பழைய புல்லட், பழைய லேத் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், செட்டைப் பிரிக்காமல் கொடுங்கள். படிக்க முடியாத எழுத்து ஏதாவது இருந்தால் வாயின் அளவோடு சேர்த்துக் கமெண்டில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.