30 நாள் குட்டியை இப்போதே எடுத்து வராதீர்கள்

வணக்கம். 30 நாளே ஆன ராஜபாளையம் நாய்க்குட்டியை இந்த வாரமே எடுத்துச் செல்லுமாறு வளர்ப்பாளர் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். முன்பணம் கொடுத்திருந்தாலும், 8 வாரம் நிரம்பும்வரை தாயிடமே விட்டுவைக்கச் சொல்லுங்கள். கூழ் நக்கத் தொடங்கிவிட்டது என்பதாலேயே பால்குடி மறந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. அதைவிட முக்கியமானது, எவ்வளவு மென்மையாகக் கடிக்க வேண்டும் என்று அது கற்பதுதான்: உடன்பிறந்த குட்டியின் காதை அழுத்திக் கடித்தால் அது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாயும் உறுமிவிட்டு எழுந்து போய்விடும், இந்தப் பாடம் கிடைக்காத குட்டி பிறகு உங்கள் கையைக் கடித்துத்தான் பழகும். இந்தியாவில் 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகளும் 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. (வளர்ப்பாளரின் அவசரம் பெரும்பாலும் தீவனச் செலவு பற்றியதாக இருக்கும்.) அழைத்து வரும் நாளில், தாய் படுத்திருந்த துணி ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தால், முதல் சில இரவுகளில் அழுகை குறையும்.