பல்லுக்குப் பின்னாடி ஒட்டுற கம்பி: கேள்வி பதில்

வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். ஈப்போவுல பல் சீர் பண்ற ஸ்பெஷலிஸ்ட் கிட்ட 14 வருசம் நர்ஸா இருந்தேன். பிரேஸ் கழட்டினதும் பல்லு திரும்ப நகராம இருக்க பின்னாடி ஒட்டி விடுற ரிட்டெய்னர் கம்பி பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிடறேன்.

கேள்வி: அக்கா, நேத்து முறுக்கு கடிச்சதுல இருந்து நாக்குல ஏதோ குத்துது. கம்பி அறுந்துடுச்சா?

பதில்: அறுந்தும் இருக்கலாம் தம்பி, ஆனா முக்கால்வாசி ஒரு பல்லுல ஒட்டு விட்டிருக்கும். போன் லைட்ட அடிச்சு சின்ன கண்ணாடில பாருங்க, ஒவ்வொரு பல்லுலயும் கம்பிய மூடி வெள்ளையா ஒரு பொட்டு இருக்கணும், எந்தப் பல்லுல பொட்டு இல்லாம கம்பி மொட்டையா தெரியுதோ அங்க விட்டுடுச்சு. வலி இருக்காது, அதனாலயே நிறைய பேர் விட்டுடறாங்க, சில வாரத்துலயே பல்லு திரும்பிடுது. நகவெட்டியால வெட்டாதீங்க, துண்டு தொண்டைல போயிடும். சூப்பர் குளூவும் வேணாம். குத்துற இடத்துல பிரேஸ் மெழுகு உருட்டி வச்சுட்டு இந்த வாரமே கிளினிக் போங்க.

கேள்வி: எனக்கு கம்பி எங்கயும் விடல. ஆனா ஒரு கீழ்ப்பல்லு மட்டும் சாயுது, ஈறும் இறங்குது. அழுத்தி தேய்க்கிறேன்னு சொல்றாங்க.

பதில்: தங்கச்சி, தயவுசெஞ்சு இத தள்ளிப்போடாதீங்க. அந்தக் கம்பி பல பேருக்கு ஒத்தைக் கம்பி இல்ல, மெல்லிசான இழைங்கள கயிறு மாதிரி முறுக்கினது. ஒட்டும்போதே இழுத்துப் பிடிச்சு ஒட்டியிருந்தாலோ, கெட்டியா எதையாவது கடிச்சு வளைஞ்சிருந்தாலோ, கம்பி மெல்ல மெல்ல பல்லைத் திருப்ப ஆரம்பிச்சிடும், ஒட்டு எல்லாம் நல்லாவே இருக்கும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பல்லு எதிரெதிரா சாயும், இல்லாட்டி ஒரு பக்கத்து கோரைப்பல்லு வெளிய தள்ளும், மறுபக்கத்துது உள்ள போகும். வேர் எலும்ப விட்டு வெளிய வந்தா ஈறு இறங்கத்தான் செய்யும். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு ஈறு மேல விரல வச்சா வேர் புடைச்சு நிக்கிறது தெரிஞ்சுச்சு, அதுவும் ரெண்டு வருசமா பிரஷ் மேலயே பழிய போட்டிருந்தாங்க. முதல்ல கம்பிய எடுக்கணும், அப்புறம் ஸ்கேன், சிலருக்கு திரும்ப பிரேஸ் போட்டு வேர உள்ள கொண்டு வந்துட்டு அதுக்கப்புறம்தான் ஈறு ஒட்டு, அதாவது இறங்கின இடத்துல சதை வச்சு தைக்கிறது. பொது பல் டாக்டர் போதாது, ஸ்பெஷலிஸ்ட்டுக்கு கடிதம் கேட்டு வாங்குங்க.

கேள்வி: கீழ்ப்பல்லு உள்பக்கம் மஞ்சளா கட்டி நிக்குது, ரத்தமும் வருது.

பதில்: நாக்குக்கு அடியில எச்சில் சுரக்கிற வாய் அங்கதான் இருக்கு, அதான் காறை சீக்கிரம் கட்டுது. ஃபிளாஸ் மேல இருந்து இறங்காது, நுனி கெட்டியா இருக்கிற சூப்பர்ஃபிளாஸ் வாங்கி கம்பிக்கு அடியில கோர்த்து இழுங்க. 6 மாசத்துக்கு ஒருக்கா கிளீனிங், ஒட்டையும் சேர்த்து பார்க்கச் சொல்லுங்க.

கேள்வி: இந்தக் கம்பியோட எம்ஆர்ஐ (காந்த ஸ்கேன்) எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம். முன்கூட்டியே சொல்லிடுங்க, முகம் எடுத்தா படத்துல நிழல் விழும்.

கேள்வி: மகனுக்கு ஒட்டு விட்டுடுச்சு. வீட்டுக்கே வந்து மலிவா ஒட்டுறேங்கிறாங்க, பண்ணலாமா?

பதில்: வேணவே வேணாம்மா. பதிவு இல்லாதவங்க பல்லுல கை வச்சா 2022ல அமலுக்கு வந்த பல் மருத்துவ சட்டத்துல 300,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 6 வருசம் வரைக்கும் ஜெயில். மகனோட பழைய பிளாஸ்டிக் ரிட்டெய்னர் இருந்தா, சரியா உட்காருதான்னு பார்த்துட்டு இன்னைக்கு ராத்திரியே போடச் சொல்லுங்க, உட்காரலைனா அழுத்தித் திணிக்காம அதையும் கையோட எடுத்துட்டுப் போங்க.