டாம் ஹெட்ல குழி விழுதா?

கேள்வி: அண்ணே, காரைக்குடி பக்கம் திருவிழா மேடைல டிரம்ஸ் வாசிக்கிறேன். டாம் டிரம்மோட ஹெட்டு (அடிக்கிற மேல் தோலு) சீக்கிரமே குழி விழுந்துருது, எது போடலாம்?

பதில்: தம்பி, இப்ப இருக்கிறது ஒத்த லேயர் 10 மில்லா (மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) இருக்கும், சத்தம் கணீர்னு வரும் ஆனா மேடை அடிக்குத் தாங்காது, அதனால 7 மில் ரெண்டு லேயர் சேந்த கிளியர் ஹெட் போடுங்க, ரெமோ எம்பெரர், எவான்ஸ் ஜி2 ரெண்டும் அந்த வகைதான். டாமை ரொம்ப சாச்சு வச்சுருந்தீங்கன்னா குச்சி நுனி குத்தி எந்த ஹெட்டும் குழி விழும், கொஞ்சம் படுக்க வைங்க. ஸ்னேருக்கு (அடில கம்பி கட்டுன டிரம்) கோட்டட், அதாவது மேல பூச்சு பூசுன ஹெட் போதும், குச்சிக்குப் பதிலா பிரஷ்ல வாசிக்க அந்த சொரசொரப்பு வேணும். ஸ்னேர் அடிப்பக்கத்துக்கு 3 மில் தனி ஹெட்டு, மேல் ஹெட்ட அங்க மாட்டிட்டு கம்பி பேசலைன்னு புலம்பாதீங்க. வளவு முற்றத்துல ப்ராக்டிஸ்னா எதிரொலிய வச்சு டியூன் முடிவு பண்ணாதீங்க.