முதல் தடவை கேட்டதுமே மார்க் போடலாமா?

வாசகர் கடிதம்:

அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 25 வயது. பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருவில் இருந்த ஓர் அண்ணன்தான் எனக்கு ராக் இசையைப் பழக்கினார். மெட்டாலிகா பாடல்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தவர் அவர். 2011-ல் அந்தக் குழு பெங்களூருக்கு வந்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். அவர், நான், இன்னும் மூன்று பேர் சேர்ந்து, எந்தப் புது ஆல்பம் வந்தாலும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுவோம். 2023-ல் மெட்டாலிகாவின் '72 சீசன்ஸ்' வந்த அன்று மாலையே கூடினோம். நான், "பத்துக்கு மூணு மார்க். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கு. வயசாயிடுச்சு, நிறுத்திக்கலாம்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த ஆல்பம் பற்றியும் பேசுவதில்லை. பார்த்தால் சிரிப்பார், வேலை எப்படிப் போகிறது என்று கேட்பார், அவ்வளவுதான். மாடியில் கூடுவதும் நின்றுவிட்டது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொன்னது தப்பா? அவருக்காக நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

அன்புள்ள தம்பி,

பொய் சொல்லியிருக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத பாட்டைப் பிடித்த மாதிரி தலையாட்டிக் கேட்பவரோடு உட்கார்ந்து இசை பேசுவதில் யாருக்கும் சந்தோஷம் கிடையாது, உங்கள் அண்ணனுக்கும் கிடையாது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆல்பம் வந்தது 2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. நமக்குச் சித்திரை முதல் நாள், விடுமுறை. அதனால்தான் அன்று மாலையே எல்லோரும் கூட முடிந்திருக்கும். பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 77 நிமிடம். மாலைக்குள் நீங்கள் அதை எத்தனை தடவை முழுசாகக் கேட்டிருப்பீர்கள்? ஒரு தடவையா? அதிலும் நடுவில் எத்தனை பாட்டைத் தள்ளிவிட்டீர்கள்? எதில் கேட்டீர்கள், ஹெட்போனிலா, போன் ஸ்பீக்கரிலா? போன் ஸ்பீக்கரில் அடி ஒலி வராது. ராபர்ட் ட்ரூஹியோ வாசித்த பேஸ் கிட்டாரில் பெரும்பகுதி உங்கள் காதுக்கு வந்தே இருக்காது.

புது ஆல்பத்தை முதல் தடவை கேட்கும்போது காது புதிதாக எதையும் தேடுவதில்லை, ஏற்கெனவே தெரிந்ததைத்தான் தேடும். பழைய மெட்டாலிகாவின் வேகம் எங்கே, கிட்டார் தனித்து ஒலிக்கும் அந்த சோலோ எங்கே, நான் பதினாறு வயதில் கேட்ட அந்த உணர்வு எங்கே என்று தேடும். கிடைக்காவிட்டால் ஏமாற்றம் வரும். அந்த ஏமாற்றத்தில் பொய் இல்லை. ஆனால் அது நீங்கள் எதை எதிர்பார்த்துப் போனீர்கள் என்பதைத்தான் சொல்கிறது, ஆல்பத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவைதான் அடுத்து என்ன வரும் என்று காது எதிர்பார்க்க ஆரம்பிக்கும். அப்போதுதான் ஒரு மெட்டு நம் கைக்குள் வரும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வீசர் என்ற அமெரிக்கக் குழுவின் 'பிங்கர்டன்'. 1994-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் பெரிய வெற்றி. பளபளப்பான, உடனே வாயில் ஒட்டிக்கொள்கிற பாட்டுகள். 1996 செப்டம்பரில் 'பிங்கர்டன்' வந்தது. பாடல்களை எழுதிய ரிவர்ஸ் குவோமோ அப்போது ஹார்வர்டில் மாணவர். காலில் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வலியோடும் தனிமையோடும் இருந்த சமயம். ஆல்பமும் அப்படித்தான் இருந்தது. கரடுமுரடான ஒலி, கூச்சமே இல்லாமல் தன் பலவீனங்களைக் கொட்டுகிற வரிகள். முதல் ஆல்பத்தின் ரசிகர்கள் அதிர்ந்து போனார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வாசகர்கள் வாக்களித்து, அந்த வருடத்தின் மிக மோசமான ஆல்பங்களில் அதற்கு மூன்றாவது இடம் கொடுத்தார்கள். அடுத்த ஆல்பம் வர 2001 ஆனது. குவோமோவே பின்னால் அந்த ஆல்பத்தை வெறுத்துப் பேசினார்.

அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? 2002-ல் அதே பத்திரிகையின் வாசகர்கள் எக்காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்தபோது 'பிங்கர்டன்' 16-வது இடத்தில் இருந்தது. நடுவில் ஆறே வருடம். ஆல்பத்தில் ஒரு சுரம் மாறவில்லை. கேட்டவர்கள் அதோடு வாழ்ந்தார்கள், தங்களுக்கும் தனிமை வந்தபோது எடுத்துக் கேட்டார்கள், தங்களைவிடச் சின்னவர்களுக்குக் கொடுத்தார்கள். பின்னாளில் அந்தக் குழு மேடையில் அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வாசித்தபோது கூட்டம் வரிக்கு வரி கூடவே பாடியது.

சரி, அப்படியானால் முதல் அபிப்பிராயம் எல்லாமே தப்பா? இல்லை. 2003-ல் வந்த மெட்டாலிகாவின் 'செயின்ட் ஆங்கர்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். ட்ரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக், ஸ்நேர் ட்ரம்மின் அடிப்பக்கத்தில் இருக்கும் கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்தார். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் ஆல்பம் முழுக்க வரும். கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. வந்த வாரமே ரசிகர்கள் இதைச் சொன்னார்கள், இருபது வருடம் கழித்தும் அதையேதான் சொல்கிறார்கள். நானும் அதைப் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன், அந்த ட்ரம் என் காதுக்கு இன்னும் ஒத்துவரவில்லை. உல்ரிக் இன்றும் அதை விட்டுக்கொடுக்காமல்தான் பேசுகிறார். அது அவர் உரிமை, நான் மதிக்கிறேன்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. 2008 செப்டம்பரில் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தது. பழைய வேகமும் சோலோக்களும் திரும்பி வந்துவிட்டன என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ரசிகர்களில் சிலருக்கு ஏதோ உறுத்தியது. பாட்டு நன்றாக இருக்கிறது, கேட்டு முடித்தால் காது சோர்ந்துவிடுகிறதே, ஏன்? அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வெளியாகியிருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டார்கள். கேமில் ட்ரம்ஸ் தனியாக, தெளிவாகக் கேட்டது. சிடியில் எல்லாம் ஒன்றாக நசுங்கி, உச்சங்கள் வெட்டுப்பட்டு, இரைச்சல் கலந்து ஒலித்தது. ஒலி அலையின் படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிடியில் மேடு பள்ளமே இல்லை, செங்கல் சுவர் மாதிரி நேராக இருந்தது. எல்லா இடத்தையும் ஒரே அளவு சத்தமாக ஆக்கியதால் வந்த வினை. மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் வேலையைச் செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே ஒலி அப்படித்தான் இருந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலும் வெளியே வந்தது. ஒலியைச் சரிசெய்து மறுபடி வெளியிடுங்கள் என்று பத்தாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பதிவு ஒலிகளைத் தேவைக்கு மேல் சத்தமாக்கும் பழக்கம் பற்றிப் பத்திரிகைகள் பேசின. அதைப் பேச வைத்தவர்கள் காது கொடுத்துக் கேட்ட சாதாரண ரசிகர்கள்.

தம்பி, அவர்கள் செய்ததையும் நீங்கள் மாடியில் செய்ததையும் வைத்துப் பாருங்கள். அவர்களும் குறைதான் சொன்னார்கள். உங்களைவிடக் கடுமையாகவே சொன்னார்கள். ஆனால் எதைக் கேட்டோம், எந்த இடத்தில் கேட்டோம் என்று சொன்னார்கள். அதைக் கேட்டவர் தானும் ஓடிப்போய்க் கேட்டுப் பார்க்கலாம், "ஆமாம்ல" என்றோ "எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்றோ திரும்பி வந்து சொல்லலாம். பேச்சு வளரும். "பத்துக்கு மூணு" என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? "பத்துக்கு எட்டு" என்றுதான் சொல்ல முடியும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆல்பத்தைப் பற்றி என் கருத்தையும் கேட்டீர்களானால், நீங்கள் சொன்னதில் பாதியை நானும் ஒத்துக்கொள்வேன். 77 நிமிடம் அதிகம். நடுவில் வருகிற சில பாட்டுகளின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டுத் துண்டுகள், ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் மாதிரி இருக்கின்றன, மூன்று பாட்டைக் குறைத்திருந்தால் ஆல்பம் இன்னும் பலமாக இருந்திருக்கும். ஆனால் கடைசிப் பாட்டு 'இனமோராட்டா' இருக்கிறதே, 11 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற பாட்டு, அவர்களே எழுதித் தங்கள் ஆல்பங்களில் வெளியிட்டதிலேயே நீளமானது. துயரத்தை ஒரு காதலியாக வைத்து, அவளை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிற பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி, பேஸ் கிட்டார் மட்டும் மெதுவாக நடந்து வரும். அந்த இடத்தை நீங்கள் கேட்டீர்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். '72 சீசன்ஸ்' என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? வருடத்துக்கு நான்கு பருவம், பதினெட்டு வருடத்துக்கு எழுபத்திரண்டு. ஒரு மனிதனின் முதல் பதினெட்டு வயது அவனை எப்படியெல்லாம் உருவாக்குகிறது, வளர்ந்த பிறகும் அதிலிருந்து அவனால் வெளியே வர முடிகிறதா என்பதுதான் குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் எடுத்துக்கொண்ட விஷயம். அவருக்குப் பதிமூன்று வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார், பதினாறில் அம்மா புற்றுநோயில் இறந்தார். 2019-ல் குடிப் பழக்கத்துக்காக மறுபடி சிகிச்சைக்குப் போனார், அதற்காகச் சுற்றுப்பயணமே தள்ளிவைக்கப்பட்டது. இந்த ஆல்பம் வந்தபோது அவருக்கு 59 வயது. அந்த வயதில் ஒரு மனிதர் தன் சின்ன வயதைத் திரும்பிப் பார்த்து எழுதியதைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் "வயசாயிடுச்சு, நிறுத்திக்கலாம்" என்றீர்கள்.

உங்கள் அண்ணன் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. 2011-ல் கச்சேரிக்கு ரயிலேறியவர் இப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருப்பார். வேலை, குடும்பம் என்று ஆகியிருக்கும். அந்த ஆல்பத்தில் அவர் தன்னுடைய எதையோ கேட்டிருக்கலாம். அதைச் சொல்லலாம் என்று மாடிக்கு வந்திருக்கலாம். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் மார்க் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. ஆல்பம் பிடிக்கவில்லை என்று நீங்கள் சொன்னதற்காக அவர் ஒதுங்கினார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு தனக்குப் பிடித்ததைச் சொல்ல அங்கே இடமில்லாமல் போனதுதான் அவருக்கு வலித்திருக்கும்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் மாதத்துக்கு ஒரு கேசட் வாங்கத்தான் காசு இருக்கும். பிடிக்கிறதோ இல்லையோ, அடுத்த மாதம் வரை அதுதான். பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடுவதும் சிரமம், ஓட்டி நிறுத்தினால் சரியான இடத்தில் நிற்காது. அதனால் இரண்டாவது பக்கத்தில் நான்காவதாக வருகிற பாட்டுக்கூட மனதில் பதிந்துவிடும், சில சமயம் கடைசியில் அதுவே பிடித்துப்போகும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை. உலகத்தில் வெளியாகிற ஆல்பம் எல்லாம் அன்றைக்கே திருச்சியில் கேட்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய கொடுப்பினை. ஆனால் ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரமாவது கொடுப்பது இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.

நீங்கள் மறுபடி கூடும்போது இதை முயன்று பாருங்கள். வந்த அன்றே கூடாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுங்கள். எண்ணில் யாரும் மதிப்பெண் சொல்லக் கூடாது. ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் ஒரு இடத்தை எடுத்து வந்து, இது எனக்கு ஏன் பிடித்தது அல்லது ஏன் ஒத்துவரவில்லை என்று போட்டுக் காட்டட்டும். அல்லது முழு ஆல்பத்தையும் சேர்ந்து கேளுங்கள். '72 சீசன்ஸ்' வெளியாவதற்கு முந்தின இரவு பல நாடுகளில் சினிமா தியேட்டர்களில் அதை ஒரே ஒரு காட்சியாகப் போட்டார்கள். ரசிகர்கள் இருட்டில் உட்கார்ந்து பன்னிரண்டு பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்து பேசினார்கள். உங்கள் மொட்டை மாடியில் ஒரு நல்ல ஸ்பீக்கர் இருந்தால் போதும்.

அதற்கு முன்னால் அண்ணனைத் தனியாகப் போய்ப் பாருங்கள். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம். ஆல்பம் இப்போது பிடித்துவிட்டது என்று நடிக்கவும் வேண்டாம், அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். போவதற்கு முன் ஹெட்போனில் இரண்டு தடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். போய், "அண்ணா, அன்னைக்கு நான் ஒரு தடவைகூடச் சரியா கேக்காம பேசிட்டேன். நீங்க என்ன நினைச்சீங்கன்னு கேக்கவே இல்ல. இப்ப சொல்லுங்க" என்று சொல்லுங்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். சொல்லத் தயங்கினால் 'இனமோராட்டா'வைப் போடச் சொல்லி, அந்தப் பதினோரு நிமிடமும் போனைக் கையில் எடுக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பேஸ் தனியாக வருகிற இடத்தில் அவர் நிச்சயம் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.