ஏற்றுமதி வேலைக்கு எம்.பி.ஏ. போதுமா? – கேள்வி பதில்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

சார், மகள் பி.காம். முடித்துவிட்டாள். எம்.பி.ஏ.வில் இன்டர்நேஷனல் பிசினஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம், கல்லூரியைப் பார்த்து. டெல்லி ஐ.ஐ.எஃப்.டி. (இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனம்) 1963-இல் இதற்கென்றே தொடங்கியது. கொல்கத்தாவிலும் காக்கிநாடாவிலும் வளாகம் உண்டு. அங்கே இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். உள்ளூர்க் கல்லூரி என்றால் சேருமுன் ஒன்று கேளுங்கள்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்வது) என்று ஒரு ஷிப்மெண்டின் முழு பேப்பர் செட்டைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துகிறார்களா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அண்ணா, எல்.சி. பற்றி செமஸ்டருக்குப் படித்தேன். வேலையில் அது எந்த அளவுக்கு உதவும்?

எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்பது, கேட்ட பேப்பர் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று பையரின், அதாவது வாங்குபவரின், வங்கி எழுதித் தருவது. அது இருந்தால் பணத்துக்கு உத்தரவாதம் என்று எழுதி மார்க் வாங்கியிருப்பாய் தம்பி. பாதிதான் உண்மை. எல்.சி.யில் கடைசி ஷிப்மெண்ட் தேதி 20 என்று வைத்துக்கொள். சரக்கு 17-ஆம் தேதியே திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டது. தூத்துக்குடிக்குக் கப்பல் தாமதமாக வந்து, 22-இல்தான் ஏற்றினார்கள். கப்பல் கம்பெனி சரக்குக்குத் தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் 'ஆன் போர்டு' (கப்பலில் ஏறிய) தேதி 22 என்று விழும். முடிந்தது கதை. துணி எவ்வளவு அருமையாக இருந்தாலும் வங்கி பேப்பரைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. எல்.சி.க்கு வங்கிகள் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600 அப்படி. அதிகபட்சம் ஐந்து வங்கி வேலைநாளில் 'டிஸ்கிரிபன்சி', அதாவது பேப்பர் எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை, என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் பையர் ஒத்துக்கொண்டால்தான் பணம். விவரமான பையர் அப்போதுதான் விலையைக் குறைக்கச் சொல்வார்! கப்பல் தாமதம் என்று காதில் விழுந்த அன்றே எல்.சி.யைத் திருத்தச் சொல்லி மெயில் போடுகிற ஆளைத்தான் எங்கள் ஆபீஸில் தேடுகிறோம்.

எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். வித்தியாசம் எப்போதும் குழப்புகிறது.

பலருக்கும் குழப்பம்தான். இரண்டும் செலவும் ரிஸ்க்கும் யாருடையது என்று சொல்லும் விலை முறைகள். எஃப்.ஓ.பி.யில் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரைதான் நம் செலவு. சி.ஐ.எஃப்.இல் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் நம் செலவு. ஆனால் சரக்கு கப்பலில் ஏறியதுமே ரிஸ்க் பையருடையது, எஃப்.ஓ.பி.யில் போலவே. பயப்பட வேண்டியது டி.டி.பி.க்கு, அதாவது வரியும் கட்டி பையர் இடத்தில் சேர்க்கும் முறைக்கு. அங்கே இறக்குமதி வரியும் நம் தலையில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியபோது, டி.டி.பி.யில் விலை சொன்னவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள்.

ஜெர்மன், பிரெஞ்சு ஏதாவது படிக்க வேண்டுமா?

தெரிந்தால் நல்லது. முதலில் சுற்றி வளைக்காமல் நாலு வரியில் ஆங்கில மெயில் எழுதப் பழகுங்கள்.

மேலே படிக்க வசதியில்லை. வேலையில் சேர்ந்தே கற்க முடியுமா?

தாராளமாக. ஏற்றுமதியாளர் சார்பில் கஸ்டம்ஸ் வேலையை முடித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில், நாங்கள் சி.எச்.ஏ. என்போமே, அங்கே சேருங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், வேலை நேரம் கப்பலைப் பொறுத்தது. ஆனால் எச்.எஸ். கோடு, அதாவது சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண், அங்கேதான் கைக்கு வரும். பின்னலாடையில் டி-ஷர்ட் 6109. அதே துணியில் காலரும் முன்பக்கம் பட்டனும் வைத்துவிட்டால் ஆண்கள் சட்டையாகி 6105. கோடு மாறினால் அந்த நாட்டு வரியும் மாறலாம், இங்கே ஏற்றுமதிக்குத் திரும்ப வரும் வரியான டிராபேக்கும் மாறலாம். கொஞ்ச நாள் கழித்து, புரோக்கர் ஆபீஸ் ஊழியர்களுக்குக் கஸ்டம்ஸ் நடத்தும் ஜி கார்டு தேர்வு எழுதுங்கள். அந்தக் கார்டு இருந்தால் கஸ்டம்ஸ் பேப்பரில் நீங்களே கையெழுத்துப் போடலாம்.