கருத்துக் கேட்புக் கூட்டம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய ரசாயன ஆலையை விரிவாக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரே திரண்டு 'வேண்டாம்' என்றால் அனுமதி நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. அது வாக்கெடுப்பு இல்லை. இந்தக் கூட்டங்களுக்கான விதிகளைச் சொல்லும் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆனால் மக்கள் எழுப்பும் முக்கியமான சூழல் பிரச்சினைகளைக் கணக்கில் எடுத்து, ஆலையால் சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் வரைவு அறிக்கையை நிறுவனம் திருத்த வேண்டும் என்று அதே அறிவிக்கை சொல்கிறது. எனவே நழுவ முடியாதபடி கேளுங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்த அன்றே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரைவு அறிக்கையைப் பாருங்கள். தமிழில் பெரும்பாலும் சுருக்கம்தான் இருக்கும்; விஷயமெல்லாம் ஆங்கில அறிக்கையின் அட்டவணைகளில். தண்ணீர் மாதிரி எந்தக் கிணறுகளில் எடுத்தார்கள், எந்த மாதத்தில், ஆலைக்கு மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். 'தரிசு' என்று எழுதியிருக்கும் இடம் பல நேரம் யாரோ ஆடு மேய்க்கும் நிலம்.

பிறகு மனு. 'எங்கள் தண்ணீர் கெடும்' என்றால் 'கெடாது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'பக்கம் இத்தனை, அட்டவணை இத்தனை. ஆலைக்குப் பள்ளத்துப் பக்கம் உள்ள எங்கள் தெருக் கிணறுகள் ஒன்றில்கூட மாதிரி எடுக்கவில்லை. எடுத்து, முடிவை இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும்.' ஒரு மனுவில் ஒரு பிரச்சினை போதும். கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பேசியதை மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) சேர்க்காமல் விட்டால்?

பதில்: அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் விளக்கி வாசித்த பிறகே ஆட்சியரோ அவரது பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். அந்த நேரத்தில் பந்தல் காலியாக இருக்கும். பத்துப் பேராவது கடைசிவரை உட்காருங்கள். விடுபட்டதை அங்கேயே சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால், அனுமதி தரும் அமைப்புக்கே நேராக எழுதலாம். அனுமதி வந்துவிட்டால் சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை.

கேள்வி: வரைவுச் சட்டங்கள் ஆங்கிலத்தில் மட்டும் வந்தால் கிராமத்து ஆள் எப்படிக் கருத்துச் சொல்வது?

பதில்: மொழிபெயர்ப்பு கேட்டு முதல் வாரத்திலேயே எழுதுங்கள், கால நீட்டிப்பையும் சேர்த்து. 2020-இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வெளியிடச் சொல்லி, கருத்துச் சொல்லும் கடைசி நாளை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது டெல்லி உயர் நீதிமன்றம். மனுவில் இதைக் குறிப்பிடலாம்.